ஸ்நார்லாக்ஸ் ஸ்டால் டெக்: பூட்டு விழுகிறது, ஆட்டம்தான் முடிவதில்லை

தூங்குமூஞ்சி | 2024 ஜூலை 8

வணக்கம். இரண்டு மாதங்களாகப் போக்கிமான் கார்டு விளையாட்டின் ஸ்டாண்டர்ட் வடிவத்தில் ஸ்நார்லாக்ஸ் ஸ்டால் டெக்கை, அதாவது தாக்காமல் எதிராளியை முடக்கி வைக்கும் கார்டுக்கட்டை, மட்டுமே ஆடி வருகிறேன். இந்த டெக்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘போக்கிமான் கோ’ தொகுப்பில் வந்த ஸ்நார்லாக்ஸ் ஆக்டிவ் இடத்தில் (மோதும் போக்கிமான் நிற்கும் முன்னிடத்தில்) நிற்கும் வரை, ‘பிளாக்’ என்னும் அதன் ஆற்றலால் எதிராளியின் ஆக்டிவ் போக்கிமான் பின்வாங்க முடியாது. தாக்க வழியில்லாத ஒன்றை அவருடைய பெஞ்சிலிருந்து (பின்வரிசையிலிருந்து) முன்னால் இழுத்து நிறுத்திவிட்டு, அவருடைய டெக் தீரும் வரை காத்திருப்பதே திட்டம்; தன் முறையில் எடுக்கக் கார்டு இல்லாதவர் தோற்பார். தாக்கவும் பின்வாங்கவும் தேவைப்படும் எனர்ஜி கார்டு ஒன்று கூட என் டெக்கில் கிடையாது. நான் தாக்குவதும் இல்லை, ப்ரைஸ் (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுக்கும், தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த ஆறு கார்டுகள்) எடுப்பதும் இல்லை.

டெக் இதுதான். ஸ்நார்லாக்ஸ் 4, ரோட்டம் வி 2, மிமிக்யூ 1. சப்போர்ட்டர்களில் (ஒரு முறைக்கு ஒன்றே ஆடக்கூடியவை) ஆர்வன் 4, பென்னி 4, பாஸஸ் ஆர்டர்ஸ் 3, மிஸ் ஃபார்ச்சூன் சிஸ்டர்ஸ் 3, எரி 2, ஐயோனோ 2, டீம் யெல்ஸ் சியர் 1, எரிக்காஸ் இன்விடேஷன் 1. ஐட்டங்களில் (எத்தனை வேண்டுமானாலும் ஆடக்கூடியவை) கவுண்டர் கேச்சர் 4, போக்கிமான் கேச்சர் 4, நெஸ்ட் பால் 4, போக்கிகியர் 4, பால் பேட் 2, ஸ்விட்ச் 2, லாஸ்ட் வேக்யூம் 2, ஹிசுவியன் ஹெவி பால் 1, அக்கம்பனியிங் ஃப்ளூட் 1. டூல்களில் (போக்கிமானுக்கு அணிவிப்பவை) ஹேண்ட்ஹெல்ட் ஃபேன் 4, ஃபாரஸ்ட் சீல் ஸ்டோன் 1, ஏஸ் ஸ்பெக்காக (டெக்குக்கு ஒன்றே அனுமதிக்கப்படும் வகை) ஹீரோஸ் கேப் 1. ஸ்டேடியம் ஆர்ட்டசான் 3. மொத்தம் 60.

நேற்று நடந்த கடைப் போட்டியில் ஐந்து சுற்றுகள். சுற்றுக்கு 50 நிமிடம். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவருக்குச் சுற்று. எனக்குக் கிடைத்தது ஒரு வெற்றி, ஒரு தோல்வி, மூன்று டிரா. டிராவில் முடிந்தவற்றுள் இரண்டு சுற்றுகளில் முதல் ஆட்டமே முடியவில்லை. மூன்றாவதில் ஆளுக்கொன்று வென்று, கடைசி ஆட்டம் பாதியில் நின்றது.

மிகவும் வருந்த வைத்தது நான்காம் சுற்று. சாரிசார்ட் இஎக்ஸ் ஆடியவரின் லூமினியன் வியை இழுத்து முன்னால் நிறுத்தினேன். அவர் டெக்கில் 6 கார்டுகளே மிச்சம், கையில் 14, எடுக்க வேண்டிய ப்ரைஸ் 4. என் கையிலோ பயனுள்ளது ஒன்றும் இல்லை. அவர் எப்படியாவது தப்பிவிட்டால் மறுபடி பிடிக்க வழி வேண்டுமே என்று எண்ணி ஐயோனோ ஆடினேன். அதன்பின் ஆட்டம் நீண்டுகொண்டே போய் நேரம் முடிந்துவிட்டது.

பூட்டு இன்னும் இறுக வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்விட்ச் இரண்டையும் ஒரு போக்கிகியரையும் எடுத்துவிட்டு, மூன்றாவது எரி, நான்காவது மிஸ் ஃபார்ச்சூன் சிஸ்டர்ஸ், இரண்டாவது ஃப்ளூட் ஆகியவற்றைச் சேர்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணல்கடிகாரம் | 2024 ஜூலை 8

உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய நான்காம் சுற்றிலேயே இருக்கிறது. அந்த ஐயோனோவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எதிராளியின் கையிலிருந்த 14 கார்டுகளும் டெக்கின் அடிக்குப் போயின. ப்ரைஸ் 4 என்பதால் அவர் 4 கார்டுகள் எடுத்தார். ஆக, 6 கார்டுகளாக இருந்த டெக் 16 ஆயிற்று. ஆறு முறைகளில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தை நீங்களே பதினாறு முறைகளுக்கு நீட்டித்தீர்கள். பெயரிலேயே ‘ஐயோ’ என்று எச்சரிக்கும் கார்டு இது. வேறு டெக்கில் அந்த ஐயோ எதிராளிக்கு, ஸ்டால் டெக்கில் நமக்கு. முதல் வேலையாக இரண்டு ஐயோனோவையும் வெளியே எடுங்கள். எதிராளியிடமும் ஐயோனோ இருக்கும், அவரும் ஆடித் தன் டெக்கை நிரப்பிக்கொள்வார் என்பது வேறு விஷயம். அதை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் அவருக்காக நாம் ஆடிக் கொடுக்க வேண்டியதில்லையே.

அடுத்தது நேரம். ஆட்டத் தொடக்கத்தில் கையில் 7, ப்ரைஸாக 6 போக இருவர் டெக்கிலும் 47 கார்டுகள் இருக்கின்றன. இன்றைய டெக்குகள் முதல் நான்கைந்து முறைகளுக்குள் பாதி டெக்கை எடுத்துவிடுபவை. ஆகவே பூட்டு விழும் நேரத்தில் எதிராளியிடம் ஏறத்தாழ 20 கார்டுகள் மிஞ்சியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். செய்வதற்கு ஒன்றுமில்லாத எதிராளி ஒரு முறைக்கு 20 விநாடியும் நீங்கள் 10 விநாடியும் எடுத்தால் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஆர்ட்டசானில் தேடி, டெக்கைக் கலைத்து, எதிராளியிடம் வெட்டக் கொடுத்து, போக்கிகியரில் ஏழு கார்டுகளைப் பார்த்து, மறுபடி கலைத்து ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால், அதே ஆட்டத்துக்கு 27 நிமிடம் ஆகும். பூட்டு விழுந்தபின் செய்ய வேண்டியது ஒரு கார்டு எடுத்துவிட்டு ‘முடித்தேன்’ என்று சொல்வதுதான். தேவையில்லாமல் தேடினால் நேரம் போகும், அதோடு உங்கள் டெக்கும் கரையும்.

ரோட்டம் வியையும் இதே கண்ணோடு பாருங்கள். ‘இன்ஸ்டன்ட் சார்ஜ்’ ஒவ்வொன்றும் மூன்று கார்டு, அதாவது உங்கள் ஆயுளில் மூன்று முறை. நான் கடைப்பிடிக்கும் அளவு இதுதான்: என் முறை முடியும் தருணத்தில் இருவர் டெக்கிலும் கார்டுகள் சமமாக இருந்தாலே போதும். அடுத்துக் கார்டு எடுக்க வேண்டியவர் எதிராளி என்பதால், எடுக்க இல்லாமல் முதலில் நிற்பவரும் அவரே. அந்தச் சமநிலைக்குக் கீழே என்னை இறக்கும் எந்த ஆற்றலையும், எவ்வளவு ஆசை காட்டினாலும், பயன்படுத்துவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஸ்டால் டெக் ஆடுவது வேறு, நேரத்தை இழுத்தடிப்பது வேறு. முதல் ஆட்டத்தை வென்றுவிட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே மெதுவாக ஆடி நேரத்தைத் தின்பது விதிப்படி தண்டனைக்கு உரியது. நம்மைப் போன்றவர்களை நடுவர்கள் கூடுதல் கவனத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். அதே விதி நமக்கும் துணை: பூட்டில் சிக்கிய எதிராளி ஒவ்வொரு முறையும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து டிராவுக்கு முயன்றால், சண்டை போடாமல் கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள்.

ஆறுபரிசு | 2024 ஜூலை 9

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நான் ப்ரைஸ் கார்டுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த டெக்கை ஆடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது அதைத்தான். சாதாரண டெக்கில் ஒரு கார்டு ப்ரைஸில் மாட்டிக்கொண்டால், பிற்பாடு ப்ரைஸ் எடுக்கும்போது அது கைக்கு வந்துவிடக்கூடும். நாம் ப்ரைஸ் எடுப்பதே இல்லை. ஆகவே ப்ரைஸில் விழுந்த கார்டு அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை டெக்கிலேயே இல்லாத கார்டு.

ஒரே ஒரு பிரதியாக வைத்திருக்கும் கார்டு ப்ரைஸில் விழ வாய்ப்பு 60இல் 6, அதாவது 10 விழுக்காடு. இரண்டு பிரதிகள் இருந்தால் இரண்டுமே விழும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. உங்கள் டெக்கில் ஒற்றைப் பிரதிகள் ஏழு இருக்கின்றன: மிமிக்யூ, டீம் யெல்ஸ் சியர், எரிக்காஸ் இன்விடேஷன், ஹெவி பால், ஃப்ளூட், சீல் ஸ்டோன், ஹீரோஸ் கேப். இந்த ஏழில் ஒன்றாவது ப்ரைஸில் இருக்கும் வாய்ப்பு 54 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஏதோ ஒன்று இல்லாமல்தான் ஆடப் போகிறீர்கள். ஹெவி பாலால் மீட்க முடிவது பேசிக் போக்கிமானை (நேரடியாக இறக்கக்கூடிய அடிப்படைப் போக்கிமானை) மட்டுமே. ஆகையால் இரண்டாவது ஃப்ளூட் வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி, அதைச் செய்யுங்கள். முதல் முறை நெஸ்ட் பாலுக்காக டெக்கைத் திறக்கும்போதே ஒற்றைகளை எண்ணிவிடும் பழக்கமும் வேண்டும். அங்கே செலவிடும் முப்பது விநாடி பின்னால் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

ஏழு பேசிக் மட்டுமே வைத்திருப்பதால், முதல் கையில் ஒரு பேசிக் கூட வராமல் மறுபடி கலைக்க வேண்டிய நிலை நூற்றுக்கு நாற்பது முறை ஏற்படும். ஒன்பது பேசிக் இருந்தால் அது முப்பதாகக் குறையும். வேறு டெக்காக இருந்தால் கவலைப்படச் சொல்லியிருப்பேன். நமக்கு எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுப்பது ஒரு வகையில் லாபமே. ரோட்டம் வி மட்டும் தனியாக ஆக்டிவில் வந்து உட்காரும் தொடக்கம்தான் உண்மையான தொல்லை. அதனால் ஸ்விட்ச் இரண்டையும் எடுக்க வேண்டாம். எனர்ஜியே இல்லாத டெக்கில் ரோட்டத்தை நகர்த்தப் பென்னியை விட்டால் அதுதான் வழி.

தூங்குமூஞ்சி | 2024 ஜூலை 9

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயோனோ கணக்கைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் வெட்கத்தோடு அமர்ந்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆனால் எரி, சிஸ்டர்ஸ் பற்றி இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் சுற்றில் தோற்றது கார்டிவோர் இஎக்ஸிடம். பூட்டிய ரேடியன்ட் கிரெனின்ஜா இரண்டு முறை தப்பித்துவிட்டது. மூன்றாவது எரி இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் அல்லவா?

ஏழாம்சுற்று | 2024 ஜூலை 10

தடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். எப்படித் தப்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கார்டிவோர் என்றால் பெரும்பாலும் புரொஃபசர் டூரோஸ் சினாரியோவாக இருக்கும். தன் போக்கிமான் ஒன்றைக் கைக்கே எடுத்துக்கொள்ளும் சப்போர்ட்டர் அது. எரி எதிராளியின் கையில் எரிப்பது ஐட்டங்களை மட்டுமே. டெக்கின் மேல் ஐந்து கார்டுகளிலிருந்து சிஸ்டர்ஸ் கழிப்பதும் ஐட்டங்களை மட்டுமே. ஸ்விட்ச், ஸ்விட்ச் கார்ட், நம் ஸ்நார்லாக்ஸின் ஆற்றலை ஒரு முறைக்கு அணைத்துவிடும் கேன்சலிங் கொலோன் ஆகியவை இந்த வலையில் விழும். டூரோ சப்போர்ட்டர்; பெஞ்சில் இருப்பதோடு இணைத்தவுடன் அதை முன்னால் கொண்டுவந்துவிடும் ஜெட் எனர்ஜியோ எனர்ஜி; இரண்டும் வலையின் கண்ணுக்குள் நுழைந்து போய்விடும். எரியை நான்காக்கினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

ஆகவே, ஒருவர் தப்பித்தால் மறுபடி பிடிப்பதற்கான வலிமையே நமக்கு வேண்டும். எதிராளியின் பெஞ்சிலிருந்து இழுக்கும் கார்டுகளில் கவுண்டர் கேச்சரும் போக்கிமான் கேச்சரும் ஐட்டங்கள். ஒருமுறை பயன்படுத்தினால் திரும்ப வராது. சப்போர்ட்டரான பாஸஸ் ஆர்டர்ஸ் பால் பேட் வழியாகத் திரும்பி வரும். பால் பேட் ஒவ்வொன்றும் இரண்டு சப்போர்ட்டர்களை டெக்கில் சேர்ப்பதால், இழுக்கும் வலிமை கூடுவதோடு நம் டெக்கின் ஆயுளும் இரண்டு முறை நீளும். ஐயோனோ போன இடத்தில் மூன்றாவது பால் பேடும் நான்காவது பாஸும் வைத்தால் கார்டிவோர் ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். டூரோவை எத்தனை முறை ஆடினார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். அதைத் திரும்பப் பெற அவரிடம் வழியில்லை என்றால், கடைசிப் பிரதி தீர்ந்தபின் பிடிப்பதே உண்மையான பூட்டு. அதற்கு முந்தைய பூட்டுகள் எல்லாம் அந்தப் பிரதிகளைத் தீர்ப்பதற்கு ஆனவை.

யாரைப் பிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்டிவோரின் ‘சைக்கிக் எம்பிரேஸ்’ சைக்கிக் வகைப் போக்கிமானுக்கு மட்டுமே எனர்ஜி தரும் என்பதால் கிரெனின்ஜாவும் மனாஃபியும் நல்ல இலக்குகள். உங்கள் தேர்வு சரியே. சாரிசார்ட் டெக்கில் நெருப்பு எனர்ஜி மட்டும் இருந்தால் லூமினியன் வி, ரோட்டம் வி, மனாஃபி மூன்றும் தாக்க இயலாமல் நிற்கும். நீர் எனர்ஜி உள்ள டெக்கிடம் மட்டும் லூமினியனைப் பிடிக்காதீர்கள். ‘அக்வா ரிட்டர்ன்’ தாக்குதல் 120 சேதம் கொடுத்துவிட்டு, லூமினியனையே டெக்கிற்குள் கலைத்துக்கொண்டு போய்விடும். பூட்டும் உடையும், டெக்கும் நிறையும்.

சாரிசார்டைப் பற்றி இன்னொன்று. ‘பர்னிங் டார்க்னஸ்’ அடிப்படையாக 180, அதோடு எதிராளி எடுத்த ஒவ்வொரு ப்ரைஸுக்கும் 30 கூடும். அந்த எதிராளி நாம். நாம் ஒன்றும் எடுப்பதில்லை. ஆகவே அது 180ஐத் தாண்டாது. 130 உயிர் கொண்ட ஸ்நார்லாக்ஸ் ஹீரோஸ் கேப் அணிந்தால் 230 ஆகிவிடும். ஓர் அடி தாங்கிய பின் பென்னியால் கைக்கு எடுத்து, அதே கேப்போடு மறுபடி இறக்கலாம். ஏஸ் ஸ்பெக்காகக் கேப்பை வைத்தது நல்ல முடிவு. ரேஜிங் போல்ட் இஎக்ஸ் மட்டும் வேறு கதை: எனர்ஜிக்கு 70 வீதம் இரண்டு எனர்ஜியில் வெறும் ஸ்நார்லாக்ஸ் விழுந்துவிடும், கேப் இருந்தாலும் நான்கு எனர்ஜியே போதும். அங்கே தோற்பது உறுதியானதும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மிச்ச நேரத்தை அடுத்த ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டால் ஆடுபவர்களுக்கு விட்டுக்கொடுக்க மனமே வருவதில்லை. டிராக்களில் பாதி அப்படி வருபவைதான்.

போக்கிமான் கேச்சரைக் குறைக்கச் சொல்லி யாரேனும் வருவார்கள், கேட்காதீர்கள். எதிராளியைவிட நம்மிடம் ப்ரைஸ் அதிகம் மிஞ்சியிருந்தால்தான் கவுண்டர் கேச்சர் வேலை செய்யும் என்பதால், அவர் முதல் ப்ரைஸ் எடுக்கும் வரை அது கையில் சும்மா கிடக்கும். அதுவரை தலையா பூவா என்று நாணயம் சுண்டுவதுதான் கதி.

ஆறுபரிசு | 2024 ஜூலை 10

கேச்சர் விஷயத்தில் சற்று மாறுபடுகிறேன். முதல் ஸ்நார்லாக்ஸைப் பறிகொடுப்பதை நான் முதலீடாகவே கருதுகிறேன். ஒரு ப்ரைஸ் போகும், நான்கு கவுண்டர் கேச்சர்களும் உயிர் பெறும். நாணயத்தை நம்பி நான்கு இடம் ஒதுக்குவது எனக்கு அதிகமாகப் படுகிறது. நான் இரண்டுதான் வைத்திருக்கிறேன். மற்றபடி ஏழாம்சுற்று சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

மணல்கடிகாரம் | 2024 ஜூலை 11

விரைவாக முடிக்க வேண்டுமென்றால் கிரேட் டஸ்க்கின் ‘லேண்ட் கொலாப்ஸ்’ பக்கம் போகலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது முற்றிலும் வேறு டெக். அந்த முறை ‘ஏன்ஷியன்ட்’ வகைச் சப்போர்ட்டர் ஒன்றை ஆடியிருந்தால் எதிராளியின் டெக்கிலிருந்து நான்கு கார்டுகளைக் கழிக்கும் என்பது உண்மை. அதற்கு எனர்ஜி வேண்டும், கிரேட் டஸ்க் ஆக்டிவில் நிற்க வேண்டும். ஆக்டிவில் ஸ்நார்லாக்ஸ் இல்லாவிட்டால் பூட்டும் இல்லை. இரண்டையும் கலந்து நான் கட்டிய டெக் இரண்டு வேலையையும் அரைகுறையாகத்தான் செய்தது.

தூங்குமூஞ்சி | 2024 ஜூலை 22

நேற்று மறுபடி ஐந்து சுற்றுகள் ஆடினேன். டெக்கில் மாற்றியது மூன்று கார்டுகள் மட்டுமே: ஐயோனோ 2, லாஸ்ட் வேக்யூம் 1 வெளியே, பால் பேட், பாஸஸ் ஆர்டர்ஸ், ஃப்ளூட் ஒவ்வொன்று உள்ளே. எரியும் சிஸ்டர்ஸும் இருந்த எண்ணிக்கையிலேயே இருக்கின்றன. போக்கிமான் கேச்சர் பற்றி நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வரும் வரை அதில் கை வைக்கப் போவதில்லை.

மூன்று வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. கார்டிவோரோடு ஆடியவர் டூரோவை இரண்டு முறை ஆடித் தப்பித்தார். இரண்டாவது டூரோ கழிவுக்குப் போனதைப் பார்த்துவிட்டு, பால் பேடில் திரும்பியிருந்த பாஸால் மனாஃபியை இழுத்தேன். அப்போது அவர் டெக்கில் 11, என் டெக்கில் 13. அங்கிருந்து ஆறு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. கையிலிருந்த நெஸ்ட் பாலை ஆடாமல் வைத்திருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

தோல்வி ஒரு பழகிய எதிராளியிடம். என் ஸ்நார்லாக்ஸைப் பார்த்தவுடன் தாக்கக்கூடியவற்றைத் தவிர வேறு எதையும் பெஞ்சில் இறக்கவில்லை. எதிராளியின் டெக்கின் மேல் ஐந்து கார்டுகளிலுள்ள பேசிக்கை அவர் பெஞ்சில் இறக்க வைப்பது ஃப்ளூட்; முதல் ஃப்ளூட்டில் வெளிப்பட்ட ஐந்து கார்டுகளில் பேசிக் ஒன்று கூட இல்லை. இரண்டாவதில் ஒரு மனாஃபி கிடைத்தது, ஆனால் அதற்குள் அவர் ஐந்து ப்ரைஸ் எடுத்துவிட்டிருந்தார். இத்தகைய எதிராளியிடம், அவர் கையிலுள்ள பேசிக்கைப் பெஞ்சில் இறக்கி முன்னால் இழுக்கும் எரிக்காஸ் இன்விடேஷனை எப்போது ஆடுவது? அவர் கையில் கார்டு நிறைய இருக்கும் தொடக்கத்திலா, அல்லது முதல் ப்ரைஸ் போகும் வரை பொறுக்க வேண்டுமா?

ஏழாம்சுற்று | 2024 ஜூலை 22

அவர் தேடுதல் கார்டு ஆடி ஒரு பேசிக்கைக் கைக்கு எடுத்துக்கொண்டு, அதை இறக்காமல் முறையை முடித்தால், அடுத்த கணமே ஆடுங்கள். ப்ரைஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்விடேஷனுக்கு ப்ரைஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் பெஞ்சில் ஐந்தும் நிரம்பிவிட்டால் மட்டும் அது பயன்படாது.